முகம் திருப்பிய தோழி

அத்தியாயம் 19

போன அத்தியாயத்தில் ஓவியரைப் பஸ் ஜன்னலோரம் தலையைக் குனிந்தபடி விட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு அந்த மனிதர் தலை நிமிரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பார்த்தது என்னவோ கண் சிமிட்டும் நேரம்தான். சிக்னலில் பஸ் நின்றது. எதிர்ச்சாரியில் ஒரு பழைய மாடி வீடு. வெளிப்பக்கமாக வளைந்து இறங்கும் படிக்கட்டு. வெளியூரில் லிஃப்ட் மாட்டப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போன மகன், உள்ளூரில் அந்தப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தான். மேல்படியில் நின்ற ஒரு பெண் குனிந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

அவ்வளவுதான். பச்சை விளக்கு எரிந்தது. பஸ் நகர்ந்தது.

காலரைச் சரிசெய்யும் கைக்குச் சாட்சி எதற்கு? அது பழகிய கை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்தவர் மருமகளிடம் சொல்லவில்லை. மகன் வந்த பிறகு அவனிடம் கேட்கவும் இல்லை. வாயைத் தைத்துக்கொண்டு போய் மேஜை முன் உட்கார்ந்துவிட்டார்.

அவர் வரைவது உள்ளங்கை அளவுப் படங்கள். அணில் வால் முடியில் கட்டிய தூரிகை. நுனியில் ஒற்றை முடிதான் நிற்கும். தெருவில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். ராதையும் கண்ணனும் ஒருவருக்காக ஒருவர் உருகும் பழைய பக்திப் பாட்டுகளைப் படத்தோடு புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் அம்மாள் ஆசைப்பட்டார். பாட்டுக்கு ஒரு படம். ராதை காத்திருப்பது, தோழி தூது போவது, ஆற்றங்கரையில் மழை பிடித்துக்கொள்வது என்று ஒன்பது படம் முடிந்தது. ஒன்றை மட்டும் ஓவியர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

இராத்திரி முழுக்க வேறொருத்தி வீட்டில் இருந்துவிட்டு, விடியற்காலையில் கண் சிவக்க வருகிறான் கண்ணன். உன்னை நினைத்துத்தான் தூங்கவில்லை என்று சத்தியம் வேறு செய்கிறான். ராதை அவனை ஏறிட்டுப் பார்க்கிறாள். அந்தப் பாட்டு.

"சாமி இப்படிப் பண்ணலாமா?" என்று பதிப்பாளர் அம்மாள் ஒரு தடவை கேட்டார்.

"அவனுக்கு அது விளையாட்டும்மா. அவளுக்குத்தான் விடியாத ராத்திரி" என்று பெரிய ஞானி மாதிரி பதில் சொன்னவர்தான் நம் ஓவியர்.

பஸ்ஸில் பார்த்த பிறகு அந்தப் படம் தானாக வந்தது. கை தானே நகர்ந்தது. அவர் கூட உட்கார்ந்திருந்தார், அவ்வளவே. முடித்து, பொட்டலம் கட்டி, "பிரிக்காதேம்மா, இன்னும் சரியாக் காயலை" என்று ஒரு பொய்யையும் சேர்த்துக் கட்டி, நேற்று மருமகளிடம் கொடுத்தனுப்பினார். அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில்தான் புத்தகம் அச்சாகிறது.

இன்று காலை அவள் வேலைக்குப் போன சற்று நேரத்தில் கதவு திறந்தது.

"என்னப்பா, டீ குடிச்சாச்சா?"

மகன். தோளில் பை. கண் இரண்டும் கோவைப்பழம்.

"பஸ்ல பொட்டுத் தூக்கம் இல்லைப்பா. அந்த ஊர்ல வேற கரெண்டு போயிடுச்சு. லிஃப்ட் பாதியில நின்னு, உள்ளே மாட்டிக்கிட்டவன் கத்த, வெளியே இருக்கிறவன் கத்த..."

"எந்த ஊரு?" ஓவியர் தூரிகையைக் கழுவுவதுபோல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

கதை ஒரு நொடி நின்றது. "அதான்... போன தடவை போன ஊருதான்."

"ம்."

மகன் பையைச் சுவரோரம் சாய்த்தான். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கிட்டத்தில் வந்தான்.

"அப்பா, ஒரு சின்ன உதவி. நேத்து சாயங்காலம் அவ எனக்குப் போன் பண்ணியிருக்கா. எடுக்க முடியலை. கேட்டான்னா, உங்க போனுக்குக் கூப்பிட்டுப் பேசினேன்னு சொல்லிடுங்க. இல்லேன்னா சும்மா மனசைக் குழப்பிக்குவா."

கேட்டுவிடலாம். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. படிக்கட்டு வீட்டுல யாருடா? மூன்றே சொல். நாக்கு நுனிவரை வந்தன.

"சரி" என்றார் ஓவியர்.

மகன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனான். அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டான். குறட்டை கூடத்துக்கே கேட்டது.

ஓவியருக்கு அந்தத் தட்டிக்கொடுத்த தோள் மட்டும் வெகுநேரம் உறுத்திக்கொண்டிருந்தது.

அவர் மேஜை இருப்பது வீட்டிலேயே வெளிச்சம் அதிகம் விழும் அறையில். மனைவி போன பிறகு அவர் இங்கே வந்தபோது, "மாமாவுக்கு வெளிச்சம் வேணும், நமக்குத் தூங்குறதுக்குத்தானே ரூம்" என்று சொல்லி, புருஷனையும் கட்டிலையும் இழுத்துக்கொண்டு சின்ன அறைக்கு மாறியவள் மருமகள். அவர் வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. நீலத்தைப் பார்த்தால் அழுக்குப் பச்சையாகத் தெரிகிறது. புத்தக வேலை முடிந்ததும் ஆபரேஷன் என்று டாக்டரிடம் நாள் குறித்து வைத்தவளும் அவளே. அதுவரைக்கும் தினமும் வேலைக்குக் கிளம்புமுன், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் அவருக்கு நீலம் கலந்து வைத்துவிட்டுப் போவாள். புத்தகத்தில் இருக்கும் கண்ணன் அத்தனை பேரும் அவள் கலந்த நீலம்.

இன்றைக்கும் கலந்து வைத்திருந்தாள். வேலை நேற்றோடு முடிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும்; கைப்பழக்கம் விடவில்லை. கிண்ணம் ததும்ப நீலம் சும்மா கிடந்தது.

மத்தியானம் போன் அடித்தது.

"மாமா, பிரஸ் வரைக்கும் வர முடியுமா? கடைசிப் படத்துல ஒரு சந்தேகம்."

"கலரா?"

"வாங்களேன்."

குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குப் பகீர் என்றது.

பஸ் அந்தச் சிக்னலில் நின்றபோது ஓவியர் கண்ணை மூடிக்கொண்டார்.

அச்சகத்தில் அவள் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிவெளிச்சம் பட்டால் நிறம் மாறித் தெரியும் என்று சுவரெல்லாம் சாம்பல் பூசியிருக்கும். அடுத்த அறையில் ஓடும் மெஷினின் அதிர்வு தரை வழியாகக் காலில் ஏறும். பெரிய திரைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"உட்காருங்க மாமா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்மா."

திரையில் அவர் படம். உள்ளங்கையில் அடங்கிய படம் ஒரு கதவு அகலத்துக்கு விரிந்து கிடந்தது. ராதையின் கண் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவு.

"நீலம் சரியா வந்திருக்கா?"

"நீ கலந்தது. தப்பா வருமா?"

"ராதை மூக்கு வழக்கம்போல என் மூக்கு. நல்ல மூக்கா ஒண்ணு கிடைக்கலையா உங்களுக்கு?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அப்பாடா, இதற்குத்தானா என்று மூச்சு விட்டார். விட்ட மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் படம் நகர்ந்தது.

"தோழி" என்றாள்.

ராதைக்குப் பின்னால் நிற்கும் தோழி.

"பத்துப் படத்திலயும் இவ இருக்கா. ஒன்பது படத்துல ராதை முகத்தையேதான் பார்த்துட்டிருக்கா. அழும்போது பார்க்கிறா, சிரிக்கும்போது பார்க்கிறா. தூது போகும்போதுகூடத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறா. இதுல மட்டும் அந்தப் பக்கம் திரும்பிட்டா. காது மட்டும்தான் தெரியுது. ஏன் மாமா?"

ஓவியர் திரையை உற்றுப் பார்த்தார். சத்தியமாக அவருக்கே அது இப்போதுதான் தெரிந்தது.

"அப்படியா வரைஞ்சிருக்கேன்?"

படம் மேலே நகர்ந்தது. இடது மூலை. இருண்ட தோப்பு. கையில் வைத்துப் பார்த்தால் அங்கே இலைகள்தான்; இலைகளுக்கு நடுவே கடுகளவு ஏதோ ஒரு வெளுப்பு. அவள் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். வளைந்து இறங்கும் ஒரு படிக்கட்டு வந்து நின்றது. மேல்படியில் எள்ளளவு ஒரு பெண். நீட்டிய கை.

"பார்க்காததை வரையமாட்டேன்னு சொல்வீங்க" என்றாள் மருமகள், சாதாரணமாக. "இந்த ஆத்தங்கரை மரம் நம்ம தெரு முனை மரம். ஒரு மயில் போடுறதுக்கு மூணு தடவை மிருகக்காட்சிசாலைக்கு ஓடினீங்க. கேலி பண்ணினேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"இந்தப் படிக்கட்டை நான் தினம் பார்க்கிறேன். சிக்னல்ல பஸ் நிக்கும்போது. கைப்பிடியில ஒரு கம்பி விட்டுப்போயிருக்கும். இங்கேயும் இல்லை பாருங்க." அவள் விரல் திரையைத் தொடாமல் நின்றது. "இங்கே யாரைப் பார்த்தீங்க?"

ஓவியர் வாயைத் திறந்தார். வந்தது காலையில் ஒப்புக்கொண்ட பொய்.

"நேத்து சாயங்காலம் அவன் எனக்குப் போன் பண்ணினான்மா. உன் போனை எடுக்க முடியலையாம். நல்லாத்தான் பேசினான்..."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அதைக் கேட்கவே இல்லையே மாமா" என்றாள் அவள். பிறகு, "நேத்து பூரா உங்க போன் என் பையில இருந்தது. சார்ஜ் நிக்கலைன்னு ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டீங்க. காலைலதான் திருப்பிக் கொடுத்தேன்" என்றாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தக்கூட முடியாது என்பார்கள். ஓவியர் அப்படி உட்கார்ந்திருந்தார்.

"எப்போ பார்த்தீங்க?"

"அன்னிக்கு... மழையில குடை உடைஞ்சு நனைஞ்சு வந்தேனே."

"அன்னிக்கா?" அவள் யோசித்தாள். "துண்டு எடுத்துக் கொடுத்தேன். சுடுதண்ணி வெச்சேன். ஏன் மாமா முகம் ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டேன். பஸ்ல கூட்டம்னு சொன்னீங்க."

"ஆமாம்மா."

"அதுக்கப்புறம் எத்தனை தடவை அவர் வெளியூர் போனார்! ஒவ்வொரு தடவையும் நான் துணி மடிச்சு வெச்சேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."

 

பிறகு அவளே சொன்னாள்: "பெத்த பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனசு வந்திருக்காது. அது எனக்குப் புரியுது."

அவள் நல்லவள். இந்த நிலையிலும் அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாள். பெற்ற மனம் பித்து என்று அந்த வழியாக நுழைந்து அவர் தப்பித்துப் போயிருக்கலாம். உலகமும் ஒப்புக்கொள்ளும். அவரும் இத்தனை நாளாக அதைத்தான் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வந்தார். குடும்பம் உடையக்கூடாது, அவனே திருந்தட்டும், பெரியவன் பொறுத்துப்போக வேண்டும் என்றெல்லாம்.

"இல்லைம்மா" என்றார். "அவனுக்காக இல்லை. எனக்காக."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரிஞ்சா நீ போயிடுவே. மானமுள்ளவ. ஒரு நாள்கூட இருக்கமாட்டே. நீ போயிட்டா எனக்கு யாரு நீலம் கலப்பா, கண் ஆபரேஷனுக்கு யாரு கூட்டிட்டுப் போவா, இந்தப் புத்தகம் முடியுமான்னு... அதைத்தான் நினைச்சேன். வேற எதையும் நினைக்கலை. உன்னை நினைக்கலைம்மா."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை. இத்தனை நாள் உள்ளே இருந்தது, இப்போது அவள் முகத்திலும் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் மறுபடி திரைப் பக்கம் திரும்பினாள்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுறவர்" என்றாள். "படிக்கட்டுல மாட்டிக்கிட்டார்."

ஒரு சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் உடைந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓவியர் கையை நீட்டினார். தொடும் உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் மடக்கிக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. மெஷின்காரர் தலையை நீட்டினார்.

"மேடம், கடைசிப் படம் ஓகேவா? அச்சுப் பிளேட் போட்டுடலாமா? மெஷின் காத்திட்டிருக்கு."

"ஒரு நிமிஷம்ண்ணே."

தலை மறைந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன பண்ணட்டும் மாமா?" என்றாள்.

"அந்த மூலையை அழிச்சிடும்மா" என்றார் அவசரமாக. "உனக்கு அது ஒரு வேலையே இல்லை. நாலு இலையைப் போட்டு மூடிடு. நாளைக்கு ஊர் பூரா இந்தப் புத்தகம் போகும். உனக்குத்தானே அவமானம்."

"எனக்கா?"

அந்த ஒரு சொல்லில் ஓவியர் சுருண்டுபோனார்.

"ஊர்ல ஆயிரம் படிக்கட்டு இருக்கு" என்றாள். "வாங்கிப் பார்க்கிறவங்களுக்கு இதுவும் ஒண்ணு. தெரிய வேண்டியவளுக்குத் தெரிஞ்சாச்சு." எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். "போடலாம்ண்ணே!"

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரோடு கிளம்பினாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். சிக்னல் வந்தது. ஓவியர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, அவளைப் பார்த்தார். அவள் அழவில்லை. கடையில் வைத்த பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவள் மாதிரி, அந்த வீட்டை அடியிலிருந்து முடிவரை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மகன் எழுந்து குளித்திருந்தான். தலை வாரி, சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன, மாமனாரும் மருமகளும் சேர்ந்து வர்றீங்க? பிரஸ் லீவா?"

அவள் செருப்பைக் கழற்றினாள். கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

"சிக்னல் கிட்ட வளைஞ்ச படிக்கட்டு வெச்ச வீடு ஒண்ணு இருக்கே. அந்த வீட்டுக்கு லிஃப்ட் மாட்டி முடிச்சாச்சா?"

மகன் முதலில் பார்த்தது பெண்டாட்டியை அல்ல, அப்பாவை. அந்தப் பார்வை ஒன்றே போதும், வேறு வாக்குமூலம் வேண்டாம்.

"அப்பா சொன்னாரா?"

"சொல்லலை. வரைஞ்சார்."

அவனுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் நிலையிலும் அவன் இல்லை. "இங்க பாரு, நீ நினைக்கிற மாதிரி..." என்று தொடங்கினான். அவள் பேசாமல் நிற்கவே அந்த வாக்கியம் நடுவிலேயே செத்துவிட்டது. எழுந்து ஜன்னல் வரை போனான், வந்தான். கோபம் போக இடம் தேடி, கடைசியில் அப்பா பக்கம் திரும்பியது.

"இவ்வளவு நாள் சும்மா இருந்துட்டு இன்னிக்கு என்னப்பா வந்தது உங்களுக்கு?"

"டேய்..." ஓவியர் தடுமாறினார். "எனக்குத் தெரியும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் உங்களைப் பார்த்தேன்பா."

மருமகளும் திரும்பி ஓவியரைப் பார்த்தாள்.

"பஸ் ஜன்னல்ல. என்னைப் பார்த்துட்டு, வெடுக்குன்னு தலையை உள்ளே இழுத்துக்கிட்டீங்க. மறுநாள் வீட்டுக்கு வரவே எனக்குக் கால் வரலை. செருப்பால அடிப்பாரு, அடிச்சா வாங்கிக்கணும்னு நினைச்சுத்தான் கதவைத் தட்டினேன். நீங்க கதவைத் திறந்து, சாப்பிட்டியாடான்னு கேட்டீங்க." அவன் குரல் இறங்கியது. "அன்னிக்கு ஒரு அடி அடிச்சிருந்தா, ஒருவேளை அதோட போயிருக்கும். ராத்திரி பூரா காத்திருந்தேன். நீங்க ஒண்ணும் கேட்கலை. மறுநாளும் கேட்கலை. சரி, அப்பாவே கண்டுக்கலைன்னா..."



காலையில் மகன் கேட்ட உதவி ஓவியருக்கு இப்போதுதான் புரிந்தது. விவரம் தெரியாத அப்பாவிடம் கேட்ட உதவி அல்ல அது. கூட்டாளியிடம் கேட்டது. தோளில் தட்டியதும் அப்படித்தான்.

"உங்க தப்பை அவர் தலையில கட்டாதீங்க" என்றாள் மருமகள். "அவர் தப்பு அவருக்குத் தனியா இருக்கு."

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"வீட்டுல மூணு பேர். ரெண்டு பேருக்குத் தெரியும். ரெண்டு பேரும் நான் வெச்ச சாப்பாட்டை எதிரும் புதிருமா உட்கார்ந்து சாப்பிட்டீங்க. உப்பு போதுமான்னு நான் கேட்டேன். போதும்னு ரெண்டு பேரும் சொன்னீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "கிளம்புங்க."

"பேசலாம்..."

"பேசலாம். இன்னிக்கு இல்லை."

அவன் காலையில் சாய்த்து வைத்த பை அப்படியே சுவரோரம் இருந்தது. அதை எடுத்துத் தோளில் மாட்டினான். வாசல் வரை போய்த் திரும்பினான்.

"வாங்கப்பா. இனிமே இங்கே எப்படி இருப்பீங்க?"

ஓவியர் நடுக்கூடத்தில் நின்றார். அவள் சமையலறைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் இருக்கட்டுமாம்மா?" என்றார்.

தண்ணீர் நின்றது.

"அதை என்கிட்ட கேட்காதீங்க மாமா. இருங்கன்னு சொன்னா என் மனசு ஆறாது. போங்கன்னு சொன்னா அதுவும் ஆறாது. இன்னிக்கு ஒரு நாளாவது நீங்களே ஒரு முடிவு எடுங்க."

ஓவியர் செருப்பை மாட்டினார். மகன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இருவரும் இறங்கினார்கள். கீழே வாசலுக்கு வந்ததும் மகன் ஆட்டோவுக்குக் கை காட்டினான். ஓவியர் எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

"அப்பா! எங்கே?"

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு."

"எதுக்கு?"

"எனக்கு ஒரு மருமக இருக்கா, அவளைப் பத்தி உனக்குத் தெரியுமாம்மான்னு கேட்டுட்டு வர்றேன்."

மகன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான். அழுத்திப் பிடித்தான். முகத்தில் இரத்தமே இல்லை. பெண்டாட்டி முன்னால் மாட்டிக்கொண்டபோதுகூட அவன் இப்படி வெளுக்கவில்லை.

"வேண்டாம்பா. அவகிட்ட மட்டும் வேண்டாம். அவளுக்கு... நான் சொல்லிக்கிறேன். கொஞ்சம் டைம் கொடுங்க."

ஓவியர் அவனையே பார்த்தார். ஆக, அந்த வீட்டிலும் ஒருத்தி துணி மடித்து வைக்கிறாள். வெளியூரில் வேலை என்று அவளிடமும் ஒரு கதை ஓடுகிறது. தாம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டதில் ஏமாந்தது ஒருத்தி மட்டும் அல்ல. இரண்டு பேர்.

"கையை விடுங்க."

குரல் மேலிருந்து வந்தது. பால்கனியில் மருமகள் நின்றிருந்தாள். ஈர முகத்தைத் துடைக்காமலேயே வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள், எதையெல்லாம் கேட்டாள் என்று தெரியவில்லை.

"அவர் போகட்டும்" என்றாள்.

மகன் கையை விட்டான்.

பஸ் வந்தது. ஓவியர் ஏறினார். ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது, அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போய் நின்றதும் அந்தப் பெண்ணிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். 'அம்மா' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.